பைத்தானும் சி-யும் சந்திக்கும் எல்லையில் நினைவகக் கசிவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பைத்தான் நிரலிலிருந்து சி மொழி லைப்ரரிகளை அழைப்பவர்களும், வேகத்துக்காகப் பைத்தானுக்குச் சி-யில் எக்ஸ்டென்ஷன் எழுதுபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. தேவை முடிந்த நினைவகம் விடுவிக்கப்படாமலே போவதுதான் நினைவகக் கசிவு. பைத்தான் என்று இப்பக்கத்தில் சொல்வது, பெரும்பாலோர் பயன்படுத்தும் சிபைத்தானையே குறிக்கும். ஜாவா, கோ, ரஸ்ட் ஆகிய மொழிகளைப் பற்றிய விடைகள் பிற்பகுதியில் உள்ளன.

பைத்தான் தானாகவே நினைவகத்தை விடுவிக்கிறதே, பிறகு கசிவு எங்கிருந்து வருகிறது?

பைத்தான் தனக்குத் தெரிந்ததை மட்டுமே விடுவிக்கும். ஒவ்வொரு பைத்தான் ஆப்ஜெக்டின் தலைப்பகுதியிலும், அதை எத்தனை இடங்களிலிருந்து பிடித்திருக்கிறார்கள் என்பதைக் காட்டும் ஓர் எண் உண்டு. இதுவே ரெஃபரன்ஸ் எண்ணிக்கை. புதிதாக ஒரு மாறியோ பட்டியலோ அந்த ஆப்ஜெக்டைப் பிடித்தால் எண் ஒன்று கூடும். விட்டால் ஒன்று குறையும். சுழியைத் தொட்டதும் ஆப்ஜெக்ட் அழிக்கப்படும். பைத்தான் நிரலுக்குள் இருக்கும்வரை இந்தக் கூட்டல் கழித்தல் முழுவதையும் இன்டர்பிரெட்டரே பார்த்துக்கொள்கிறது. சி-க்குள் நுழைந்த கணத்திலிருந்து அந்தப் பொறுப்பு எழுதுபவரின் கைக்கு மாறிவிடுகிறது.

ஆகவே எல்லையில் இரண்டு வகைக் கசிவுகள் நேர்கின்றன. முதல் வகையில், கூட்டப்பட்ட எண்ணிக்கையைக் கழிக்க மறந்ததால், யாருக்கும் தேவைப்படாத பைத்தான் ஆப்ஜெக்ட் ஒன்று சாகாமல் நிற்கிறது. இரண்டாம் வகையில், சி-யின் மேலாக் மூலம் பெற்ற நினைவகத்தின் முகவரி பைத்தான் பக்கத்துக்கு வந்தபின் தொலைந்துபோகிறது. இரண்டுக்கும் மூலம் ஒன்றுதான்: இந்த நினைவகம் யாருடையது, அதை யார், எந்த ஃபங்ஷனைக் கொண்டு விடுவிப்பது என்ற கேள்விக்கு எல்லையின் இரு பக்கமும் ஒரே விடையை வைத்திருக்கவில்லை. கீழே வரும் விடைகள் எல்லாம் இந்த ஒரு கேள்வியையே வெவ்வேறு இடங்களில் கேட்டுப் பார்ப்பவை.

சொந்த ரெஃபரன்ஸ், கடன் ரெஃபரன்ஸ் என்று ஆவணங்களில் சொல்வது என்ன?

ஒரு ஃபங்ஷன் உங்களுக்குச் சொந்த ரெஃபரன்ஸைத் தந்தால், எண்ணிக்கையில் ஒன்று உங்கள் பெயரில் கூட்டப்பட்டிருக்கிறது. வேலை முடிந்ததும் பை_டெக்ரெஃப் மூலம் அதைக் கழிப்பது உங்கள் கடமை. கடன் ரெஃபரன்ஸைத் தந்தால், உங்கள் பெயரில் எதுவும் கூட்டப்படவில்லை. நீங்கள் கழிக்கவும் கூடாது. சொந்தமானதைக் கழிக்காமல் விட்டால் கசிவு. கடனாக வந்ததைக் கழித்தால், வேறொருவர் பயன்படுத்திக்கொண்டிருக்கும் ஆப்ஜெக்ட் அழிந்து நிரல் வீழ்கிறது.

பெயரைப் பார்த்து எது எந்த வகை என்று ஊகிக்க முடியாது என்பதுதான் இதில் உள்ள உண்மையான சிரமம். பட்டியலிலிருந்து ஓர் உறுப்பை எடுக்கும் பைலிஸ்ட்_கெட்ஐட்டம் கடன் ரெஃபரன்ஸைத் தருகிறது. அதே உறுப்பைப் பைசீக்வென்ஸ்_கெட்ஐட்டம் மூலம் எடுத்தால் சொந்த ரெஃபரன்ஸ் வருகிறது. பைடிக்ட்_கெட்ஐட்டம் தருவது கடன்; பைஆப்ஜெக்ட்_கெட்ஆட்டர்ஸ்ட்ரிங் தருவது சொந்தம். ஒரு நிரலை எல்லா வகைத் தொடர்களுக்கும் பொதுவாக்க வேண்டும் என்று எண்ணி, முன்னதை நீக்கிவிட்டுப் பின்னதை எழுதும் ஒரு சாதாரணத் திருத்தம், ஒவ்வொரு சுற்றிலும் ஓர் ஆப்ஜெக்டைக் கசியவிடும் பிழையாக மாறுவது இப்படித்தான். கம்பைலர் இதைப் பற்றி எந்த எச்சரிக்கையும் தராது.

2024-இல் வெளிவந்த பைத்தான் 3.13 பதிப்பில் பைலிஸ்ட்_கெட்ஐட்டம்ரெஃப், பைடிக்ட்_கெட்ஐட்டம்ரெஃப் ஆகியவை சேர்க்கப்பட்டன. இவை எப்போதும் சொந்த ரெஃபரன்ஸையே தரும். புதிதாக எழுதுபவர்கள் இவற்றையே பயன்படுத்துவது நல்லது. ‘கையில் வந்ததெல்லாம் என்னுடையது, எல்லாவற்றையும் நானே கழிப்பேன்’ என்ற ஒரே விதியோடு ஒரு முழுக் கோப்பையும் எழுதிவிட முடிகிறது.

பட்டியலில் சேர்த்த பிறகு அந்த ஆப்ஜெக்ட் பட்டியலுக்குத்தானே சொந்தம்? நான் ஏன் கழிக்க வேண்டும்?

எந்த ஃபங்ஷனால் சேர்த்தீர்கள் என்பதைப் பொறுத்தது. பைலிஸ்ட்_செட்ஐட்டமும் பைடூப்பிள்_செட்ஐட்டமும் உங்கள் ரெஃபரன்ஸைத் தாமே எடுத்துக்கொள்கின்றன. அழைப்பு தோற்றாலும் அதைக் கழிக்கும் வேலை அவற்றினுடையதே. பைலிஸ்ட்_அப்பெண்டும் பைடிக்ட்_செட்ஐட்டமும் அப்படிச் செய்வதில்லை. அவை தமக்கென்று ஒன்றைக் கூட்டிக்கொள்கின்றன, உங்களுடையது உங்களிடமே இருக்கிறது. பைமாட்யூல்_ஆட்ஆப்ஜெக்ட் இன்னும் விபரீதமானது. அழைப்பு வென்றால் எடுத்துக்கொள்ளும், தோற்றால் எடுத்துக்கொள்ளாது. அதனால்தான் 3.10 பதிப்பில் பைமாட்யூல்_ஆட்ஆப்ஜெக்ட்ரெஃப் என்ற தெளிவான மாற்று வந்தது.

மிக அதிகமாகக் காணப்படும் கசிவு இதுதான்: ஒரு சுற்றில் எண்களை உருவாக்கி, பைலிஸ்ட்_அப்பெண்ட் மூலம் பட்டியலில் சேர்த்து, உருவாக்கியபோது கிடைத்த ரெஃபரன்ஸைக் கழிக்காமல் அடுத்த சுற்றுக்குப் போவது. 64 பிட் இயந்திரத்தில் ஒரு சிறிய முழு எண்ணின் ஆப்ஜெக்ட் 28 பைட் நீளம். ஒதுக்கப்படுவது 32 பைட். பத்து லட்சம் எண்கள் கொண்ட பட்டியலை ஒருமுறை உருவாக்கி எறிந்தாலே சுமார் 3.2 கோடி பைட் திரும்பி வராது.

இந்தப் பிழை சோதனையில் தப்பிவிடுவதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. −5 முதல் 256 வரையுள்ள எண்களைச் சிபைத்தான் முன்கூட்டியே உருவாக்கி வைத்திருக்கிறது. அவற்றைக் கேட்கும்போது புதிய ஆப்ஜெக்ட் உருவாவதில்லை. சோதனைத் தரவாக 1, 2, 3 என்று கொடுத்துப் பார்ப்பவருக்குக் கசிவு தெரியவே தெரியாது. கசிவுக்கான சோதனைகளில் பெரிய எண்களையும், ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாகும் சரங்களையும் கொடுங்கள்.

எல்லாப் பாதைகளிலும் கழித்துவிட்டேன் என்று உறுதியாக இருக்கிறேன். ஆனாலும் சர்வரில் நாள்போக்கில் நினைவகம் கூடுகிறது. எங்கே பார்ப்பது?

பிழைப் பாதைகளைப் பாருங்கள். சி-யில் எழுதிய ஒரு ஃபங்ஷன் ஐந்து இடங்களில் தோல்வியைச் சரிபார்த்து, ஒவ்வோர் இடத்திலும் நல் (எதையும் சுட்டாத வெற்றுப் பாயின்டர்) என்று திரும்பினால், அந்த ஐந்து வெளியேறும் வாசல்களிலும் அதுவரை சேர்ந்த ரெஃபரன்ஸ்கள் அனைத்தும் கழிக்கப்பட்டிருக்க வேண்டும். வாசலுக்கு வாசல் இந்த எண்ணிக்கை கூடிக்கொண்டே போகும். கையால் எழுதும்போது இது தவறாமல் அமைவது அரிது. பின்னர் ஒருவர் இடையில் ஒரு வரியைச் சேர்த்தால் நிச்சயம் தவறும்.

சி-யில் இதற்குப் பழகிய தீர்வு, வெளியேறும் வாசலை ஒன்றாகக் குறைப்பது. எல்லாப் பாயின்டர்களையும் ஃபங்ஷனின் தொடக்கத்திலேயே நல் என்று வைத்துவிட்டு, எந்தத் தோல்வியிலும் கோட்டூ மூலம் கடைசியில் உள்ள ஒரே தூய்மைப் பகுதிக்குச் சென்று, அங்கே ஒவ்வொன்றையும் பை_எக்ஸ்டெக்ரெஃப் மூலம் கழிக்க வேண்டும். இந்த மேக்ரோ, பாயின்டர் நல் ஆக இருந்தால் ஒன்றும் செய்யாது. ஆகவே எதுவரை வந்தோம் என்று கணக்கு வைக்க வேண்டியதில்லை. கோட்டூவைப் பயன்படுத்தக் கூடாது என்று கல்லூரியில் கற்றவர்கள் தயங்குவார்கள். இந்த ஓரிடத்தில் தயங்க வேண்டாம். சிபைத்தானின் மூல நிரல் முழுவதிலும் இந்த வடிவத்தைக் காணலாம்.

பிழைப் பாதைக் கசிவுகளில் மிகக் கனமானது எக்ஸெப்ஷன் ஆப்ஜெக்டையே கசியவிடுவது. பைஎர்_ஃபெட்ச் அழைத்தால் டைப், மதிப்பு, ட்ரேஸ்பேக் (பிழை கடந்துவந்த அழைப்புகளின் தடம்) என்ற மூன்றின் ரெஃபரன்ஸும் உங்கள் கைக்கு வருகின்றன. பிழைச் செய்தியை மட்டும் படித்துவிட்டு ட்ரேஸ்பேக்கைக் கழிக்க மறந்தால், அது பிடித்திருக்கும் ஒவ்வொரு ஃப்ரேமும் (ஓர் அழைப்பின் பதிவு), அந்த ஃப்ரேம்களில் இருந்த உள்ளூர் மாறிகள் அனைத்தும், அவற்றில் பெரிய அரே ஏதும் இருந்தால் அதுவும் சேர்ந்து நின்றுவிடும். நூறு பைட் கசிய வேண்டிய இடத்தில் நூறு மெகாபைட் கசிவது இவ்வாறே. 3.12 முதல் பைஎர்_கெட்ரெய்ஸ்ட்எக்ஸெப்ஷன் ஒரே ஆப்ஜெக்டைத் தருவதால் மறக்க வாய்ப்புள்ளவை மூன்றிலிருந்து ஒன்றாகக் குறைந்துள்ளன.

சி ஃபங்ஷன் தரும் சரத்தைச் சிடைப்ஸ் மூலம் பெறுகிறேன். அதை எப்படி விடுவிப்பது?

சிடைப்ஸ், பைத்தானிலிருந்து சி லைப்ரரிகளை அழைக்க உதவும் மாட்யூல். அதில், திரும்பி வரும் மதிப்பின் டைப்பைக் குறிக்கும் ரெஸ்டைப் என்ற இடத்தில் சி_சார்_பி என்று எழுதியிருந்தால், விடுவிக்கவே முடியாது. சிடைப்ஸ் அந்த முகவரியில் உள்ள எழுத்துகளைப் படித்து, ஒரு புதிய பைத்தான் பைட்ஸ் ஆப்ஜெக்டாகப் பிரதியெடுத்து உங்களிடம் தருகிறது. சி தந்த மூல முகவரி அந்த இடத்திலேயே மறைந்துவிடுகிறது. சரம் சரியாக வந்துவிடுவதால் நிரல் நன்றாக வேலை செய்வதுபோல் தோன்றும். ஒவ்வோர் அழைப்பிலும் ஒரு சரம் கசிந்துகொண்டிருக்கும்.

சரியான வழி, ரெஸ்டைப்பைச் சி_வாய்ட்_பி என்று அமைப்பது. அப்போது முகவரி ஓர் எண்ணாக வந்து சேரும். ஸ்ட்ரிங்_அட் மூலம் எழுத்துகளைப் பிரதியெடுத்துவிட்டு, அந்த லைப்ரரியே தரும் விடுவிக்கும் ஃபங்ஷனுக்கு முகவரியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பிரதியெடுப்பதை ட்ரை பகுதியிலும், விடுவிப்பதை ஃபைனலி பகுதியிலும் எழுதுங்கள். விடுவிக்கும் ஃபங்ஷனுக்கு அளவுரு டைப்பையும் சி_வாய்ட்_பி என்று அறிவிக்க மறக்கக் கூடாது. அறிவிக்காவிட்டால் சிடைப்ஸ் அதைச் சாதாரண இன்ட் என்று கொண்டு, 64 பிட் முகவரியின் மேற்பாதியை வெட்டிவிடலாம்.

இதெல்லாம், அந்தச் சரம் உங்களுக்கென்று ஒதுக்கப்பட்டதாக இருந்தால்தான். லைப்ரரிக்குள் நிலையாக இருக்கும் சரம் ஒன்றின் முகவரியைத் தரும் ஃபங்ஷன்களும் உண்டு. அவற்றை விடுவித்தால் நிரல் வீழும். இதை லைப்ரரியின் ஆவணத்தைப் படித்தே அறிய வேண்டும், வேறு வழியில்லை.

லைப்ரரியில் விடுவிக்கும் ஃபங்ஷன் இல்லை. சி-யின் ஃப்ரீயை நேராக அழைக்கலாமா?

லைப்ரரியும் நீங்களும் ஒரே சி ரன்டைமைப் பயன்படுத்துகிறீர்கள் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் அழைக்கலாம். லினக்ஸில் பெரும்பாலும் அப்படியே அமையும். விண்டோஸில் ஒவ்வொரு டிஎல்எல்லும் தனக்கென்று ஒரு ரன்டைமையும் தனி ஹீப்பையும் (மேலாக் நினைவகத்தை எடுத்துத் தரும் பகுதி) வைத்திருக்கலாம். ஒன்றில் ஒதுக்கியதை மற்றொன்றில் விடுவித்தால் ஹீப் சிதையும். பைத்தானுக்குள்ளேயும் இதே விதிதான்: பைமெம்_மேலாக் மூலம் பெற்றதைப் பைமெம்_ஃப்ரீக்கும், பைமெம்_ராமேலாக் மூலம் பெற்றதைப் பைமெம்_ராஃப்ரீக்கும் மட்டுமே கொடுக்க வேண்டும். நீங்களே லைப்ரரி எழுதுபவராக இருந்தால், நினைவகத்தைத் திருப்பித் தரும் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் இணையாக விடுவிக்கும் ஃபங்ஷன் ஒன்றை அவசியம் வெளியிடுங்கள். பிற மொழிகளிலிருந்து அழைப்பவர்களுக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.

கால்பேக் கொடுத்த பிறகு ஆப்ஜெக்ட் சாகவே மறுக்கிறது. கார்பேஜ் கலெக்டர் இருந்தும் ஏன்?

கால்பேக் என்பது, ஒரு நிகழ்வு நேரும்போது அழைக்கும்படி லைப்ரரியிடம் கொடுத்துவைக்கும் ஃபங்ஷன். ஒன்றையொன்று சுற்றிப் பிடித்திருக்கும் ஆப்ஜெக்டுகளின் வளையங்களை ரெஃபரன்ஸ் எண்ணிக்கையால் கையாள முடியாது என்பதால், 2000-இல் வந்த பைத்தான் 2.0 முதல் வளையங்களைத் தேடும் கலெக்டர் ஒன்றும் சேர்ந்தே இயங்குகிறது. ஆனால் அது ஆப்ஜெக்டுகளுக்குள் புகுந்து பார்ப்பதற்கு, அந்த ஆப்ஜெக்டின் டைப் தானே வழி காட்ட வேண்டும். சி-யில் எழுதிய டைப்புக்கு டிபி_ட்ராவர்ஸ் என்ற ஃபங்ஷன்தான் அந்த வழி.

வழக்கமான வளையம் இப்படி உருவாகிறது. இணைப்பு ஒன்றைக் குறிக்கும் பைத்தான் ஆப்ஜெக்ட், உள்ளே ஒரு சி ஸ்ட்ரக்டை வைத்திருக்கிறது. தரவு வரும்போது அழைக்க வேண்டிய முறையாக, பயனர் அதே ஆப்ஜெக்டின் மெத்தட் ஒன்றைக் கொடுக்கிறார். கட்டுண்ட மெத்தட் தன் ஆப்ஜெக்டைப் பிடித்திருக்கும். சி ஸ்ட்ரக்ட் மெத்தடைப் பிடித்திருக்கிறது. ஆப்ஜெக்ட் ஸ்ட்ரக்டைப் பிடித்திருக்கிறது. இந்த வளையத்தின் ஒரு கண்ணி சி-யின் நினைவகத்துக்குள் இருப்பதால், கலெக்டருக்கு அது தெரியாது. வெளியில் யாரோ உரிமையோடு பிடித்திருக்கிறார்கள் என்று கருதி அது விலகிப்போகிறது.

நான் பரிந்துரைக்கும் அமைப்பு: கால்பேக்கின் சொந்த ரெஃபரன்ஸை மூன்றாம் தரப்பு லைப்ரரியின் கையில் கொடுக்காமல், உங்கள் பைத்தான் டைப்பின் ஸ்ட்ரக்டிலேயே ஓர் உறுப்பாக வையுங்கள். லைப்ரரிக்கு, எண்ணிக்கையைக் கூட்டாமல், உங்கள் ஸ்ட்ரக்டின் வெறும் முகவரியை மட்டும் கொடுங்கள். டிபி_ட்ராவர்ஸில் அந்த உறுப்பைக் காட்டுங்கள். டிபி_கிளியரில் அதைப் பை_கிளியர் செய்யுங்கள். டிபி_டீஅலாக்கில் முதலில் ஆப்ஜெக்டைக் கலெக்டரின் கண்காணிப்பிலிருந்து விலக்கி, லைப்ரரியில் செய்த பதிவை நீக்கிவிட்டு, பிறகு மற்றவற்றை விடுவியுங்கள். பதிவை நீக்காமல் விட்டால் கசிவுக்குப் பதிலாக, இறந்த ஆப்ஜெக்டின் முகவரிக்குக் கால்பேக் வரும் நிலை ஏற்படும்; அது இன்னும் மோசமானது.

இத்துடன், இயங்குநேரத்தில் உருவாக்கும் ஹீப் டைப்புகளுக்கு ஒரு கூடுதல் விதி உண்டு. 3.8 முதல் இத்தகைய டைப்பின் ஒவ்வோர் ஆப்ஜெக்டும் தன் டைப்பையே ஒருமுறை பிடித்திருக்கிறது; டீஅலாக்கில் அதையும் கழிக்க வேண்டும். 3.9 முதல் ட்ராவர்ஸிலும் டைப்பைக் காட்ட வேண்டும். பழைய எக்ஸ்டென்ஷன்களைப் புதிய பதிப்புக்கு மாற்றியபின் திடீரென்று கசிவு தோன்றினால், முதலில் இதைச் சரிபாருங்கள்.

ஆப்ஜெக்ட் அழியும்போது பைத்தான் அழைக்கும் டெல் மெத்தடில் விடுவித்தால் போதாதா?

கடைசிப் பாதுகாப்பாக வைத்துக்கொள்ளலாம், முதல் வழியாகக் கொள்ள வேண்டாம். அது எப்போது அழைக்கப்படும் என்பதற்கு உறுதி இல்லை. இன்டர்பிரெட்டர் மூடும் நேரத்தில் அது நம்பியிருக்கும் மாட்யூல்கள் ஏற்கனவே கலைந்திருக்கலாம். கோப்பு, இணைப்பு, பெரிய பஃபர் போன்றவற்றுக்குக் குளோஸ் என்ற வெளிப்படையான மெத்தடையும், வித் கூற்றோடு பயன்படும் வசதியையும் கொடுங்கள். மறந்துவிடும் பயனருக்காக வீக்ரெஃப் மாட்யூலின் ஃபைனலைஸை இணைத்துவிடலாம்; 3.4 முதல் இருக்கும் இந்த வசதி, ஒருமுறைக்கு மேல் விடுவிக்காமல் தானே பார்த்துக்கொள்கிறது.

படங்களையும் பெரிய அரேக்களையும் நம்பை-க்குக் கொடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

நம்பை, எண் அரேக்களைக் கையாளும் பைத்தான் லைப்ரரி. அதன் பைஅரே_சிம்பிள்நியூஃப்ரம்டேட்டா, நீங்கள் கொடுக்கும் முகவரியின் மேல் ஓர் அரேயை அமைக்கிறது. அந்த நினைவகத்துக்கு அது உரிமை கொண்டாடுவதில்லை. மேலாக் செய்து நிரப்பிய பஃபரை இவ்வாறு கொடுத்துவிட்டு மறந்தால், அரே இறந்தபின்னும் பஃபர் நிற்கும். 1920 × 1080 அளவுள்ள வண்ணப் படம் ஒன்று 62,20,800 பைட். நொடிக்கு 25 படம் வரும் காணொளியில் இந்தப் பிழை நொடிக்கு ஏறத்தாழ 155 மெகாபைட்டை விழுங்கும். இத்தகைய கசிவு உடனே தெரிந்துவிடும் என்பது ஒரு வகையில் நல்லதே.

பஃபரை விடுவிக்கும் ஃபங்ஷனோடு ஒரு பைகேப்ஸ்யூலை (சி முகவரி ஒன்றைச் சுமக்கும் பைத்தான் ஆப்ஜெக்ட்) உருவாக்கி, பைஅரே_செட்பேஸ்ஆப்ஜெக்ட் மூலம் அதை அரேயின் அடிப்படையாக வைப்பதே தூய வழி. அரேயும் அதிலிருந்து வெட்டிய துண்டுகளும் அனைத்தும் இறந்தபின்தான் கேப்ஸ்யூல் இறக்கும்; அப்போது சரியான விடுவிக்கும் ஃபங்ஷன் அழைக்கப்படும். உரிமைக் கொடியை மட்டும் ஏற்றிவிட்டு நம்பை தானே விடுவிக்கட்டும் என்று விடாதீர்கள். நம்பை விடுவிப்பது தன் அலாகேட்டர் (நினைவகத்தை ஒதுக்கி விடுவிக்கும் பகுதி) வழியாக, உங்களுடையதன் வழியாக அல்ல.

எதிர்த் திசையிலும் கவனம் தேவை. பைத்தான் தந்த பஃபரைப் பைஆப்ஜெக்ட்_கெட்பஃபர் மூலம் பெற்றால் பைபஃபர்_ரிலீஸ் கட்டாயம். அளவுருக்களைப் பிரிக்கும்போது நட்சத்திரக் குறியுள்ள வடிவங்களைப் பயன்படுத்தினாலும் இதே கடமை வரும்.

பைபைண்ட்11, சைத்தான் போன்ற எக்ஸ்டென்ஷன் எழுதும் கருவிகளைப் பயன்படுத்தினால் இந்தத் தொல்லைகள் தீருமா?

எண்ணிக்கையைக் கையால் கூட்டிக் கழிக்கும் தொல்லை பெருமளவு தீரும். யாருக்கு உரிமை என்று முடிவு செய்யும் வேலை உங்களிடமே இருக்கும். பைபைண்ட்11-இல் ஒரு ஃபங்ஷன் பாயின்டரைத் திருப்பித் தந்தால், இயல்பான கொள்கைப்படி பைத்தான் அதற்கு உரிமையாளர் ஆகிவிடும். உள்ளே வேறொருவருக்குச் சொந்தமான பாயின்டரைத் தந்திருந்தால் இருமுறை விடுவிப்பு நேரும். அதைத் தவிர்க்க எல்லா இடத்திலும் ரெஃபரன்ஸ் என்ற கொள்கையை எழுதி வைத்தால், புதிதாக உருவாக்கிய ஆப்ஜெக்டுகள் கசியும். ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் தனித்தனியே சிந்தித்து எழுதுங்கள். சைத்தானில், சி-யின் வளங்களைச் சிஇனிட் மெத்தடில் பெற்று டீஅலாக் மெத்தடில் விடுவியுங்கள். இரண்டும் ஓர் ஆப்ஜெக்டுக்கு ஒருமுறை மட்டுமே அழைக்கப்படும் என்ற உறுதி உண்டு. சாதாரண இனிட் மெத்தடுக்கு அந்த உறுதி இல்லை. பயனர் அதை மீண்டும் அழைத்தால் முதல் ஒதுக்கீடு தொலைந்துவிடும்.

நினைவகம் ஏறி நிற்கிறது, இறங்கவில்லை. இது கசிவுதானா?

ஏறி ஓரிடத்தில் நின்றுவிட்டால் பெரும்பாலும் கசிவு அல்ல. 512 பைட்டுக்கு உட்பட்ட ஆப்ஜெக்டுகளைப் பைத்தான் தன் சொந்த அலாகேட்டரில், 64 பிட் இயந்திரங்களில் இப்போது 1 மெபிபைட் அளவுள்ள அரீனா என்னும் பெரிய நினைவகத் துண்டுகளாகப் பெற்று ஒதுக்குகிறது. அரீனா முழுவதும் காலியானால்தான் அது இயங்குதளத்துக்குத் திரும்பும். ஒரே ஓர் ஆப்ஜெக்ட் மிஞ்சியிருந்தாலும் திரும்பாது. லினக்ஸின் சி லைப்ரரியான ஜிலிப்சி-யும் விடுவித்த நினைவகத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். பல த்ரெட்கள் உள்ள நிரலில், 64 பிட் இயந்திரத்தில் கோர் ஒன்றுக்கு எட்டு அரீனா வரை அது உருவாக்கக்கூடும்.

எளிய சோதனை ஒன்று உண்டு. சிடைப்ஸ் மூலம் ஜிலிப்சி-யின் மேலாக்_ட்ரிம்மை ஒருமுறை அழைத்துப் பாருங்கள். நினைவகம் சட்டென்று இறங்கினால், அது கசிவு அல்ல, தேக்கம். மேலாக்_அரீனா_மேக்ஸ் என்ற சூழல் மாறியை 2 என்று வைத்தாலும் இந்த வகைத் தேக்கம் பெரிதும் குறையும். அதே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது சுற்றுக்கு இத்தனை என்று நேர்கோடாக ஏறிக்கொண்டே போவதுதான் கசிவின் அடையாளம்.

கசிவு இருப்பது உறுதி. அது எந்தப் பக்கம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கருவிகளைப் பற்றி முதலில் அறிய வேண்டியது, அவற்றில் பல எல்லையின் ஒரு பக்கத்தை மட்டுமே பார்க்கும் என்பது. 3.4 முதல் உள்ள ட்ரேஸ்மேலாக், பைத்தானின் அலாகேட்டர்கள் வழியாகச் சென்றதை மட்டும் எண்ணும். ஒரு லைப்ரரி நேரடியாக மேலாக் செய்தது அதன் கண்ணில் படாது. இந்தக் குறையையே ஓர் அளவுகோலாகப் பயன்படுத்தலாம். சந்தேகத்துக்குரிய அழைப்பைச் சில ஆயிரம் முறை சுற்றவிட்டு, இயங்குதளம் காட்டும் நினைவக அளவையும் ட்ரேஸ்மேலாக் காட்டும் அளவையும் அருகருகே குறித்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே வேகத்தில் ஏறினால், பைத்தான் ஆப்ஜெக்டுகள் சாகாமல் நிற்கின்றன. முதலாவது மட்டும் ஏறினால், சி பக்கத்து ஒதுக்கீடு தொலைகிறது.

முதல் நிலையில், நிற்கும் ஆப்ஜெக்ட் ஒன்றை எடுத்து, சிஸ் மாட்யூலின் கெட்ரெஃப்கவுன்ட் தரும் எண்ணையும், ஜிசி மாட்யூலின் கெட்_ரெஃபரர்ஸ் காட்டும் பட்டியலையும் ஒப்பிடுங்கள். எண்ணிக்கை பெரிதாக இருந்து, பிடித்திருப்பவர் என்று யாரும் பட்டியலில் வராவிட்டால், அந்த ரெஃபரன்ஸ் சி-யில் கழிக்கப்படாமல் போனது என்று ஏறத்தாழ முடிவு செய்யலாம். எண்களும் சரங்களும் ஜிசி-யின் பட்டியலில் தோன்றுவதில்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

இரண்டாம் நிலையில், பைத்தான்மேலாக் என்ற சூழல் மாறிக்கு மேலாக் என்ற மதிப்பைக் கொடுத்து, பைத்தானின் அலாகேட்டரைத் தவிர்த்துவிட்டு, நினைவகப் பிழைகளைக் கண்டறியும் கருவியான வால்கிரைண்டின் கீழ் இயக்குங்கள். 3.6 முதல் இந்த வசதி உண்டு. மிக மெதுவாக ஓடும். ஆயினும் தொலைந்த ஒவ்வோர் ஒதுக்கீடும் எந்த வரியில் பிறந்தது என்று காட்டும். ‘இன்னும் எட்டக்கூடியது’ என்ற வகையில் நிறையத் தகவல் வரும். பைத்தான் மூடும்போது எல்லாவற்றையும் விடுவிப்பதில்லை என்பதால் அதைக் கண்டு பதற வேண்டாம். ‘நிச்சயமாகத் தொலைந்தது’ என்ற வகையை மட்டும் பாருங்கள். உற்பத்திச் சூழலுக்கு நெருக்கமான வேகம் வேண்டுமானால், ப்ளூம்பெர்க் நிறுவனம் 2022-இல் வெளியிட்ட மெம்ரே என்ற கருவி இரு பக்கத்தையும் பார்க்கிறது. நேட்டிவ் முறையில் இயக்கினால் பைத்தான் வரிகளும் சி வரிகளும் ஒரே அடுக்கில் தெரியும். முதல் கருவியாக நான் எடுப்பது இதையே.

நன் (‘எதுவுமில்லை’ என்பதைக் குறிக்கும் பைத்தான் மதிப்பு) ஆப்ஜெக்டின் எண்ணிக்கையைக் கழிக்க மறந்தால் கசியுமா?

கசியாது. 3.12 முதல் நன், ட்ரூ, ஃபால்ஸ் போன்றவை அழியாத ஆப்ஜெக்டுகள். அவற்றின் எண்ணிக்கை மாறுவதே இல்லை. அதற்கு முந்தைய பதிப்புகளிலும் கூடுதலாகக் கூட்டினால் தீங்கில்லை. கூடுதலாகக் கழித்தால்தான் ஒருநாள் இன்டர்பிரெட்டர் நின்றுபோகும்.

ஜிஐஎல்லை (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டுமே பைத்தானை இயக்க விடும் பூட்டு) விட்டுவிட்டு ஓடும் த்ரெட்டிலிருந்து பை_டெக்ரெஃப் செய்யலாமா?

கூடாது. வழக்கமான பில்டில் எண்ணிக்கையைக் கூட்டுவதும் கழிப்பதும் அணுச் செயல்கள் (இடையில் யாரும் குறுக்கிட முடியாதவை) அல்ல. இரு த்ரெட்கள் ஒரே நேரத்தில் செய்தால் ஒரு கழித்தல் தொலையலாம், அது கசிவு. ஒரு கூட்டல் தொலையலாம், அது வீழ்ச்சி. லைப்ரரி உருவாக்கிய த்ரெட்டிலிருந்து வரும் கால்பேக்கில், முதலில் பைஜில்ஸ்டேட்_என்ஷ்யூர் அழைத்து, முடிவில் அதன் இணையான ரிலீஸை எல்லாப் பாதைகளிலும் அழைக்க வேண்டும். 3.13-இல் ஜிஐஎல் இல்லாத பில்ட் வந்தபின் கடன் ரெஃபரன்ஸ்கள் மேலும் ஆபத்தானவை ஆகிவிட்டன. நீங்கள் கடன் வாங்கிய கணத்திலேயே இன்னொரு த்ரெட் அந்த உறுப்பைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம்.

ஜாவாவில், சி நிரலை அழைக்க உதவும் ஜேஎன்ஐ பயன்படுத்துகிறோம். அங்கும் இதே பிரச்சினைதானா?

கேள்வி அதுவே, விதிகள் வேறு. நேட்டிவ் மெத்தடுக்குள் கிடைக்கும் லோக்கல் ரெஃபரன்ஸ்கள் அந்த மெத்தட் ஜாவாவுக்குத் திரும்பும்போது தாமாக விடப்படும். ஆகவே நீண்ட சுற்று ஒன்றை நேட்டிவ் பக்கத்திலேயே ஓட்டுபவர்களும், ஜாவாவோடு இணைத்துக்கொண்ட த்ரெட்டிலிருந்து ஒருபோதும் திரும்பாதவர்களும் சிக்குகிறார்கள். ஜேஎன்ஐ உறுதியளிப்பது 16 லோக்கல் ரெஃபரன்ஸ்களுக்கு மட்டுமே. பழைய ஆண்ட்ராய்டில் 512-ஐத் தாண்டினால் செயலி நின்றுவிடும். சுற்றுக்குள் டெலீட்லோக்கல்ரெஃப் அழைக்கவும். நியூகுளோபல்ரெஃப் செய்தது எதுவும் தானாக விடப்படாது.

அரேக்களில் ஒரு நுட்பமான பொறி உண்டு. பெற்ற உறுப்புகளைத் திருப்பித் தரும்போது ஜேஎன்ஐ_கமிட் என்ற முறையைக் கொடுத்தால், மாற்றங்கள் ஜாவா பக்கத்துக்குப் பிரதியாகும், பஃபர் விடுவிக்கப்படாது. அதன்பின் இன்னொரு ரிலீஸ் அழைப்பு அவசியம்.

மற்றொன்று, ஜாவாவின் கலெக்டர் ஜாவா ஹீப்பை மட்டுமே எடைபோடும். சில பைட் அளவுள்ள ஓர் உறை ஆப்ஜெக்ட் பின்னால் பத்து மெகாபைட் நேட்டிவ் நினைவகத்தை வைத்திருந்தாலும், கலெக்டருக்கு அது சில பைட்தான். அவசரப்பட்டு அதைச் சேகரிக்க அதற்குக் காரணம் இல்லை. ஃபைனலைஸ் மெத்தடை நம்பியிருந்தவர்கள் இதனால்தான் நினைவகம் தீர்ந்து விழுந்தார்கள். அது ஜாவா 9-இல் கைவிடப்பட்டதாக அறிவிக்கப்பட்டு, 18-இல் நீக்கப்படவிருப்பதாகவும் குறிக்கப்பட்டது. குளோஸ் மெத்தடையும், அதற்குத் துணையாக, ஆப்ஜெக்ட் சேகரிக்கப்படும்போது தூய்மை வேலையைச் செய்யும் கிளீனரையும் பயன்படுத்துங்கள். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு, ஜாவா 22-இல் நிலைபெற்ற வெளி ஃபங்ஷன் மற்றும் நினைவக ஏபிஐ மேலானது. அதன் அரீனா மூடப்படும்போது அதில் ஒதுக்கியவை எல்லாம் ஒருங்கே விடுவிக்கப்படுகின்றன.

கோ, ரஸ்ட் மொழிகளில்?

கோ மொழியிலிருந்து சி-யை அழைக்கும் வசதியான சிகோவில், சி.சிஸ்ட்ரிங் மேலாக் செய்கிறது; கோவின் கலெக்டர் அதைத் தொடாது. அடுத்த வரியிலேயே டிஃபர் மூலம் சி.ஃப்ரீயை எழுதிவிடுங்கள். ரஸ்டில் சிஸ்ட்ரிங்கின் இன்டூ_ரா மூலம் சி-க்குக் கொடுத்ததை, ஃப்ரம்_ரா மூலம் ரஸ்டே திரும்பப் பெற்று விடுவிக்க வேண்டும். சி-யின் ஃப்ரீக்குக் கொடுக்கக் கூடாது. ரஸ்டின் பாதுகாப்பு விதிகள் கசிவைத் தடுப்பதாக உறுதியளிக்கவில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

திருத்திய கசிவு மீண்டும் நுழையாமல் இருக்கத் தானியங்கிச் சோதனை எழுதுவது எப்படி?

ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் இரண்டு சோதனைகள் எழுதுங்கள்: வெற்றியடையும் அழைப்பு ஒன்று, தோல்வியடையும் அழைப்பு ஒன்று. இரண்டாவதை எழுதாதவர்களே மிகுதி. கசிவு இருப்பதோ அங்கே. ஒவ்வொன்றையும் முதலில் சில முறை சுற்றவிட்டுக் கேஷ்களெல்லாம் நிரம்பியபின், ஓர் அளவை எடுத்து, மேலும் பல முறை சுற்றவிட்டு மறுபடி அளவெடுக்க வேண்டும். சிபைத்தானின் சொந்தச் சோதனைத் தொகுப்பு இதே முறையைப் பின்பற்றுகிறது: டீபக் பில்டில், பெரிய ஆர் என்ற விருப்பத்துக்கு 3:3 என்று கொடுத்தால், மூன்று சுற்றுகள் தயார்ப்படுத்தவும் அடுத்த மூன்று சுற்றுகள் மொத்த ரெஃபரன்ஸ் எண்ணிக்கையை ஒப்பிடவும் செலவாகின்றன. உங்கள் எக்ஸ்டென்ஷனையும் டீபக் பில்டில் கம்பைல் செய்து, சிஸ் மாட்யூலின் கெட்டோட்டல்ரெஃப்கவுன்டை அழைப்புக்கு முன்னும் பின்னும் எடுத்து ஒப்பிடலாம். ஒரு சுற்றுக்கு ஒன்று என்ற அளவிலான ஏற்றம்கூட அதில் தப்பாது. மேலாக் பக்கத்தைக் காக்க, அதே சோதனைகளை இரவு நேர பில்டில், நினைவகப் பிழைகளைக் கண்டறியும் அட்ரஸ்சானிடைசரோடு இயக்குங்கள். பைத்தானே மூடும்போது விட்டுச்செல்பவற்றை விலக்குவதற்கு ஒரு விலக்குப் பட்டியல் தேவைப்படும், அதில் உங்கள் சொந்தக் கோப்பின் பெயர் எதுவும் இடம்பெறக் கூடாது.